மணி அடித்ததும் மக்கர் செய்யும் ஸ்மார்ட் வகுப்பறை: அறிகுறி பார்த்துக் கைவைத்தியம்

எங்கள் நடுநிலைப் பள்ளியில் புரொஜெக்டருக்கும் தொடுதிரைக்கும் என்னை யாரும் பொறுப்பாளராகப் போடவில்லை. ஒருநாள் கழன்று தொங்கிய கேபிள் ஒன்றைச் சரியாகச் செருகிவிட்டேன், அவ்வளவுதான். அன்றிலிருந்து எந்த வகுப்பில் எது நின்றாலும் ஒரு பிள்ளை மூச்சிரைக்க ஓடி வந்து, "சார், மிஸ் உங்களைக் கூப்பிடறாங்க, போர்டு வரலையாம்" என்று வாசலில் நிற்கும். அப்படி ஓடிய ஓட்டங்களில் நோட்டில் குறித்து வைத்ததுதான் கீழே இருப்பது. நாற்பது பிள்ளைகள் முன்னால் நிற்கிறவருக்குக் கோளாறின் பெயர் தெரியாது, அறிகுறிதான் தெரியும். அதனால் அறிகுறியை வைத்தே எழுதியிருக்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன் ஒரு கணக்கு. பாடவேளை 40 நிமிடம். அதில் 2 நிமிடத்துக்கு மேல் கருவிக்குக் கொடுக்காதீர்கள். சரியாகவில்லையா, சாக்பீஸை எடுத்துவிடுங்கள்; மிச்சத்தை இடைவேளையில் பார்த்துக்கொள்ளலாம். மேலிடத்திலிருந்து ஒருவர் வகுப்பைப் பார்க்க வந்த நாளில்தான் எனக்கு இது உறைத்தது. கால் மணி நேரம் கேபிளோடு மல்லுக்கட்டினேன். அவர் ஒன்றும் சொல்லாமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வருகைப் பதிவேட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் பார்த்தால் சுவர் ஸ்விட்ச் போடவில்லை.

எதுவுமே எரியவில்லை

சுவர் ஸ்விட்ச், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், ஸ்டெபிலைசர், கடைசியாகக் கருவி. இந்த வரிசையில் ஒவ்வொரு ஸ்விட்சையும் விரலால் தொட்டுக்கொண்டே போங்கள். கண்ணால் பார்த்தால் எல்லாம் போட்ட மாதிரிதான் தெரியும். பெரிய தொடுதிரைகள் பலவற்றில் கரண்ட் கேபிள் நுழையும் இடத்துக்குப் பக்கத்தில், அடியிலோ பின்னாலோ, ஒரு மெயின் ஸ்விட்ச் ஒளிந்திருக்கும். துடைக்கும்போது கை பட்டு அது அணைந்திருக்கலாம்.

சின்னச் சிவப்பு விளக்கு எரிந்தும் திரை எழும்பவில்லை என்றால் ரிமோட்டைச் சந்தேகப்படுங்கள். செல்போனின் செல்ஃபி கேமராவைத் திறந்து, ரிமோட்டின் முனையை அதற்கு நேரே காட்டிப் பட்டனை அழுத்துங்கள். போன் திரையில் வெளிறிய ஊதா மினுக்கல் தெரிந்தால் ரிமோட் நல்லது. தெரியாவிட்டால் பேட்டரி மாற்ற வேண்டும்.

விளக்கு எரிகிறது, திரையில் 'நோ சிக்னல்'

எனக்கு வரும் அழைப்புகளில் அதிகம் இதுதான்.

முதலில் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' பட்டன். படமும் சத்தமும் போகும் கேபிள் 'எச்டிஎம்ஐ 1' என்ற ஓட்டையில் செருகியிருக்கும், திரை 'எச்டிஎம்ஐ 2'-இல் காத்துக்கொண்டிருக்கும். அடுத்தது லேப்டாப். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டே பி எழுத்தை அழுத்தினால் நான்கு வழி காட்டும். 'டூப்ளிகேட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். 'எக்ஸ்டெண்ட்' என்று இருந்தால் சுவரில் வெறும் வால்பேப்பர் தெரியும், பாடம் உங்கள் லேப்டாப்பில் மட்டும் ஓடும். அதைக் கோளாறு என்று நினைத்து லேப்டாப்பை மூன்று முறை ரீஸ்டார்ட் செய்த டீச்சர் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார்.

சரி, இரண்டும் பார்த்தாகிவிட்டது, இன்னும் வரவில்லை. கேபிளை இரண்டு முனையிலும் கழற்றி மாட்டுங்கள். கூரையில் தொங்கும் புரொஜெக்டருக்கு நீளமான எச்டிஎம்ஐ கேபிள் போட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து மீட்டர் தாண்டினால் சாதாரணக் கேபிளில் படம் வந்து வந்து போகும். அப்படி மினுக்கினால் லேப்டாப்பில் ரெசல்யூஷனை, அதாவது படத்தின் புள்ளி எண்ணிக்கையை, குறைத்துப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். புது லேப்டாப்பில் டைப்-சி ஓட்டை மட்டும் இருந்தால் இன்னொரு சிக்கல் உண்டு: எல்லா டைப்-சி ஓட்டையும் படம் அனுப்பாது, சில வெறும் சார்ஜுக்கும் ஃபைலுக்கும்தான். கன்வெர்ட்டர் வாங்கும் முன் அந்த லேப்டாப்பை வைத்தே கடையில் சோதித்து வாங்குங்கள்.

பழைய நீலத்தலை விஜிஏ கேபிள் என்றால் அது தனிக் கதை. மூன்று வரிசையில் 15 ஊசிகள். நடு வரிசையில் ஓர் ஊசி இல்லாமலே பல கேபிள்கள் வரும், உடைந்துவிட்டதென்று பதற வேண்டாம். வளைந்த ஊசியைத்தான் தேட வேண்டும். கேபிளை இரண்டு பக்கமும் கழற்றிவிட்டு, லெட் போட்டு எழுதும் பென்பென்சிலின் உலோக மூக்கை அந்த ஊசிமேல் மாட்டி மெதுவாக நிமிர்த்தலாம். குறடு போட்டால் ஒடிந்துவிடும்.

எந்த ஊசி போயிற்று என்பதைப் படத்தின் நிறமே சொல்லிவிடும். சிவப்புக்கு ஒன்று, பச்சைக்கு ஒன்று, நீலத்துக்கு ஒன்று என்று தனித்தனி ஊசி. நீலம் வராவிட்டால் வெள்ளையெல்லாம் மஞ்சளாகும். பச்சை வராவிட்டால் ரோஸ் அடிக்கும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் தேசியக் கொடி படத்தைப் போட்டபோது முன் பெஞ்சுப் பெண் எழுந்து, "சார், கொடி ரெண்டு பக்கமும் பச்சையா இருக்கு" என்றாள். மேலே பச்சை, நடுவில் வெளிர்நீலம், கீழே பச்சை. சிவப்பு ஊசி தொடாமல் இருந்தது. காவியில் சிவப்பை எடுத்துவிட்டால் மிஞ்சுவது பெரும்பாலும் பச்சை. வெள்ளையில் சிவப்பை எடுத்தால் பச்சையும் நீலமும் சேர்ந்த வெளிர்நீலம். அன்றைக்குக் குடிமையியலை ஓரம் வைத்துவிட்டு நிறக்கலப்பு நடத்தினேன். கேபிளை ஆட்டி ஆட்டிக் காட்டியபோது கொடி மாறி மாறி வந்தது. அந்தக் கேபிளை இன்னும் தூக்கிப் போடவில்லை, வருடா வருடம் அந்தப் பாடத்துக்கு எடுக்கிறேன்.

படம் வருகிறது, சத்தம் வரவில்லை

எச்டிஎம்ஐ செருகியதும் லேப்டாப் சத்தத்தையும் அந்தக் கேபிள் வழியே அனுப்பிவிடும். புரொஜெக்டருக்குள் இருக்கும் பொட்டு ஸ்பீக்கரில் அது முனகிக்கொண்டிருக்கும், நீங்கள் மேசைமேல் வைத்த ஸ்பீக்கர் சும்மா இருக்கும். திரையின் வலதுகீழ் மூலையில் ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, எந்த வழியாகச் சத்தம் போக வேண்டும் என்று மாற்றிவிடுங்கள். விஜிஏ-வில் சத்தம் போகவே போகாது, அதற்குத் தனி வயர் வேண்டும்.

சத்தம் வந்தும் பின்னால் கேட்கவில்லை என்றால் வால்யூமைக் கூட்டுவதில் பயனில்லை, முன் பெஞ்சுக்குத்தான் காது வலிக்கும். ஸ்பீக்கரை அறையின் நடுவில் ஒரு ஸ்டூல்மேல் வையுங்கள்.

படம் மங்கல்

முதலில் கரும்பலகைக்கு நேர் மேலே இருக்கும் டியூப்லைட்டை அணையுங்கள். எல்லா விளக்கையும் அணைக்க வேண்டாம். இருட்டில் பிள்ளைகள் நோட்டில் எழுத முடியாது, மதிய வேளையாக இருந்தால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். பக்கவாட்டு ஜன்னலிலிருந்து வெளிச்சம் விழுந்தால் படத்தை அடுத்த சுவருக்கு மாற்றிப் பாருங்கள். பச்சைப் போர்டில் படத்தை அடிக்காதீர்கள், வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர் எவ்வளவோ மேல்.

லென்ஸை உலர்ந்த மென்துணியால் துடையுங்கள், வேட்டி முனையால் வேண்டாம். கீழே அகலமும் மேலே குறுகலுமாகப் படம் கோணினால் 'கீஸ்டோன்' பட்டனைத் தட்டுவதற்கு முன், புரொஜெக்டரை நிமிர்த்தி நேராக வைக்க முடியுமா பாருங்கள். கீஸ்டோன் படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும், தெளிவு கொஞ்சம் போகும்.

எழுத்தின் அளவுக்கு ஒரே சோதனைதான். வகுப்பு தொடங்கும் முன் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்து வாசித்துப் பாருங்கள். பாடநூல் பக்கத்தை அப்படியே ஸ்கேன் செய்து போட்டால் முதல் மூன்று பெஞ்சுக்குத்தான் பாடம். கருநீலப் பின்னணியில் மஞ்சள் எழுத்து என்பது சிலருக்குப் பிடித்த அலங்காரம். வெளிச்சமுள்ள அறையில் வெள்ளைமேல் கறுப்பே தெரியும்.

பாடத்தின் நடுவே புரொஜெக்டர் தானாக அணைகிறது

சூடு. வேறொன்றுமில்லை. காற்று நுழையும் சல்லடையில் சாக்பீஸ் தூள் அடைத்திருக்கும். கழற்றித் தட்டுங்கள், அல்லது வேக்குவம் கிளீனரில் மெதுவாக உறிஞ்சுங்கள். ஊதினால் தூள் உள்ளே போகும். அணைத்தபின் விசிறி ஓடி நிற்கும்வரை சுவர் ஸ்விட்சைத் தொடாதீர்கள், விளக்குள்ள பழைய வகைக்கு அதுதான் ஆயுள். கரண்ட் போய் அணைந்தால் உடனே போடாமல் ஆற விடுங்கள்.

ஓரிடத்தில் தொட்டால் வேறிடத்தில் கோடு விழுகிறது

தொடுதிரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பாதிக் கோளாறு புரிந்துவிடும். வகுப்பறைகளில் இருக்கும் பெரிய திரைகளில் பெரும்பாலானவை செல்போன் திரை மாதிரி கிடையாது. நான்கு ஓரச் சட்டத்துக்குள்ளும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு விளக்குகளும் எதிர்ப்பக்கம் அதை வாங்கும் கண்களும் வரிசையாக இருக்கும். திரைக்கு முன்னால் ஒளி நூலால் வலை பின்னியது போல. உங்கள் விரல் எந்த நூல்களை மறைக்கிறதோ அந்த இடம் தொட்ட இடம்.

அப்படியானால் எது மறைத்தாலும் தொட்டதாகத்தான் திரை நினைக்கும். யாரும் தொடாமலே ஒரே இடத்தில் புள்ளி விழுந்துகொண்டிருந்தால் அந்த உயரத்தில் சட்டத்தின் உள்விளிம்பைப் பாருங்கள். எங்கள் ஐந்தாம் வகுப்பில் ஒரு வாரம் திரை பைத்தியம் பிடித்த மாதிரி ஆடியது. கம்பெனிக்குப் புகார் கொடுத்தோம், ஆள் வரவில்லை. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து விளிம்பைத் தடவிக்கொண்டே போனேன். யாருடைய பிறந்தநாளுக்கோ ஒட்டிய ஜிகினாத் தாளின் மிச்சம், விரல் நகம் அளவு, செல்லோடேப்போடு மேல் மூலையில் இருந்தது. பிய்த்து எடுத்ததும் சரியாகிவிட்டது.

எழுதும்போது உள்ளங்கையோ சட்டைக் கையோ முந்தானையோ திரையை ஒட்டினாற்போல் வந்தாலும் தாறுமாறாகக் கோடு விழும். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுதும் டீச்சருக்குத் திரை ஒருநாளும் தொல்லை கொடுத்ததில்லை. நேர் வெயில் சட்டத்தில் விழும் நேரத்தில் மட்டும் தொடு உணர்வு போகிறதென்றால் திரைச்சீலைதான் மருந்து. சட்டத்தின் நான்கு விளிம்பையும் வாரம் ஒருமுறை உலர்துணியால் துடையுங்கள். பக்கத்திலேயே சாக்பீஸ் போர்டும் இருந்தால் வாரம் இருமுறை.

லேப்டாப்பிலிருந்து படம் வருகிறது, ஆனால் திரையில் தொட்டால் லேப்டாப் அசையவில்லை என்று ஒரு புகார் அடிக்கடி வரும். எச்டிஎம்ஐ படத்தையும் சத்தத்தையும்தான் கொண்டுபோகும். தொட்ட சேதி திரும்பி வர லேப்டாப்புக்குத் தனியாக ஒரு யுஎஸ்பி கேபிள் போட வேண்டும். திரையோடு வந்த பெட்டியில் ஒரு முனை சதுரமாக இருக்கும் கேபிள் பிரிக்காமல் கிடக்கும் பாருங்கள், அதுதான்.

யாராவது பெர்மனென்ட் மார்க்கரால் கண்ணாடித் திரையில் எழுதிவிட்டால் அழ வேண்டாம். அதே கோட்டின்மேல் வொயிட்போர்டு மார்க்கரால் அழுத்தி எழுதி, காய்வதற்குள் துடைத்தால் இரண்டும் சேர்ந்து வந்துவிடும்.

தமிழ் எழுத்து குழம்பிவிட்டது

ராத்திரி வீட்டில் உட்கார்ந்து செய்த பவர்பாயிண்ட். பள்ளிக் கணினியில் திறந்தால் 'தமிழ்' என்று இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலம் வரிசையாக நிற்கிறது. வைரஸ் என்று நினைத்து ஃபைலையே அழித்தவர்களை எனக்குத் தெரியும். அழிக்காதீர்கள், அது பாமினி எழுத்துரு.

பாமினியில் நீங்கள் அடித்த 'த' கணினியைப் பொறுத்தவரை ஆங்கில 'ஜே'தான். அந்த ஜே-க்குத் 'த' என்று ஒரு சட்டை மாட்டியிருக்கிறார்கள். எழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் சட்டை கழன்றுவிடுகிறது. வானவில் போன்ற மற்றப் பழைய எழுத்துருக்களுக்கு வேறு வேறு கணக்கு. அதனால் பாமினியில் அடித்ததற்கு வானவில்லைப் போட்டால் ஆங்கிலம் போய்த் தமிழ் மாதிரியே ஒரு குப்பை வரும்.

மணி அடித்துவிட்டது, இப்போதே வேண்டும் என்றால் எழுத்துரு ஃபைலைப் பென்டிரைவில் கொண்டுவந்து நிறுவுங்கள். அட்மின் பாஸ்வேர்டு கேட்டு நிறுவ விடாவிட்டால் செல்போனில் வீட்டுக்குப் பேசி, அதைப் பிடிஎஃப்பாக மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். அசைவூட்டமெல்லாம் போய்விடும், எழுத்து நிற்கும். இனிமேல் வராமலிருக்க ஒரே வழி யுனிகோடில் அடிப்பது; அதில் தமிழ் எழுத்துகளுக்கு எல்லாக் கணினிக்கும் பொதுவான சொந்த எண் உண்டு, சட்டை மாட்ட வேண்டியதில்லை. தமிழக அரசே 2010-இல் யுனிகோடையும் டேஸ்16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டு முறையையும் தரமாக அறிவித்துவிட்டது. இப்போதைய விண்டோஸுக்குள்ளேயே தமிழ்99 கீபோர்டு இருக்கிறது. பழைய ஃபைல்களை மாற்ற எழுத்துரு மாற்றிகள் கிடைக்கின்றன. மாற்றியபின் ஒருமுறை வாசித்துப் பாருங்கள், ஸ்ரீயும் ஔவும் சில சமயம் தடுக்கும்.

எழுத்து தமிழாகத்தான் இருக்கிறது, ஆனால் கொம்பு தனியே, கால் தனியே, நடுவில் புள்ளிவட்டம் என்றால் அது வேறு நோய். யுனிகோடில் 'கொ' என்பது க-வும் அதற்கான குறியும் அடுத்தடுத்து சேமிக்கப்பட்டது. கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் பிரித்துக் கோக்க வேண்டியது மென்பொருளின் வேலை. பழைய படவேலை, பக்க வடிவமைப்பு மென்பொருள்களுக்கு அந்தக் கோர்வை தெரியாது. பவர்பாயிண்டிலேயே எழுதிப் படமாக எடுத்து ஒட்டிவிடுங்கள். வெறும் கட்டம் கட்டமாக வந்தால் எழுத்துருவை நிர்மலா அல்லது லதா என்று மாற்றினால் போதும்.

பாடநூல் பிடிஎஃப்பிலிருந்து ஒரு பத்தியை எடுத்து ஒட்டினால் குப்பை வருகிறதே என்று கேட்பார்கள். அந்தப் பக்கங்கள் பழைய எழுத்துருவில் கோத்தவை, அதே சட்டைக் கதை. அந்த இடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸ் கொண்டு திறந்தால் படத்திலிருந்து தமிழை வாசித்து எழுத்தாகக் கொடுக்கும். அச்சு தெளிவாக இருந்தால் ஆச்சரியப்படுமளவுக்குச் சரியாகவே வரும்.

பாடநூலின் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகவில்லை

மூலையில் இருக்கும் மூன்று பெரிய சதுரங்களைப் பாருங்கள். கேமரா முதலில் தேடுவது அவற்றைத்தான். பிள்ளைகளுக்கு அந்தச் சதுரத்தைக் கண்டால் பேனாவால் நிரப்பாமல் இருக்க முடியாது. நடுவில் கொஞ்சம் கிழிந்தாலோ அழுக்கானாலோ ஈடுகட்டிக்கொள்ளும் கணக்கு கோடுக்குள்ளேயே இருக்கிறது. 1994-இல் ஜப்பானின் டென்சோ நிறுவனம் இதைக் கார் உதிரிபாகங்களுக்காக உருவாக்கியது, பட்டறை அழுக்கு அவர்களுக்குத் தெரியாததா. ஆனால் மூலைச் சதுரம் போனால் போனதுதான். பக்கத்துப் பிள்ளையின் புத்தகத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

எல்லாம் சுத்தமாக இருந்தும் எடுக்கவில்லையென்றால் கோடுக்கு அருகில் அச்சிட்டிருக்கும் 6 எழுத்துக் குறியீட்டை, பாடநூலுக்கான அரசு வீடியோக்கள் உள்ள தீக்‌ஷா செயலியில் தட்டச்சு செய்யலாம். பாடத்தை முந்தைய நாளே செயலியில் இறக்கி வைத்துவிட்டால் வகுப்பில் நெட் தேட வேண்டியதில்லை.

நெட் சுற்றிக்கொண்டே இருக்கிறது

ஹாட்ஸ்பாட் கொடுக்கும் போனைப் பையிலிருந்து எடுத்து ஜன்னல் ஓரம் வையுங்கள். யூடியூப் ஓடும்போது லேப்டாப் பின்னணியில் விண்டோஸ் அப்டேட் இறக்கிக்கொண்டிருக்கும். வைஃபை அமைப்பில் 'மீட்டர்டு' என்று போட்டால் பெருமளவு அடங்கும்.

எல்லாத் தளமும் 'உங்கள் இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்று அடம்பிடித்தால் வைஃபையைத் திட்டாமல் கணினியின் தேதியைப் பாருங்கள். ஆய்வகத்தில் இருக்கும் பழைய டெஸ்க்டாப்புகளில் மதர்போர்டுமேல் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032 வகை. அது செத்துவிட்டால் கரண்ட் போய் வரும்போதெல்லாம் கணினி பல வருடம் பின்னால் போய்விடும். தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழுக்குத் தேதி உண்டு, உங்கள் கணினியின் கணக்கில் அது இன்னும் பிறக்கவே இல்லை. தேதியைச் சரிசெய்தால் திறந்துவிடும். பேட்டரியை மாற்றினால் அடுத்த வாரமும் திறக்கும்.

உண்மையைச் சொன்னால், நெட்டை நம்பி வகுப்புக்குப் போவதை நான் நிறுத்தி வெகுநாளாகிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் சிமுலேஷன்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் அறிவியல் சோதனைகளை, ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் இல்லாமலே பிரவுசரில் ஓடும், பலவற்றுக்குத் தமிழும் உண்டு. கணக்குப் பாடத்துக்கான ஜியோஜீப்ரா மென்பொருளையும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். தமிழ் விக்கிப்பீடியாவையே, நெட் இல்லாமல் வாசிக்க உதவும் கிவிக்ஸ் என்ற மென்பொருள் வழியாகப் பென்டிரைவில் கொண்டுபோகலாம்.

பென்டிரைவில் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

அந்த ஷார்ட்கட்டைத் திறக்காதீர்கள். உங்கள் ஃபைல்கள் அழியவில்லை, மறைக்கப்பட்டிருக்கின்றன. விண்டோஸ் டிஃபெண்டரால் பென்டிரைவை ஸ்கேன் செய்துவிட்டு, 'வியூ'வில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லுங்கள். அங்கேயும் தெரியாவிட்டால் 'ஆப்ஷன்ஸ்'-க்குள் போய்ப் பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் ஃபைல்களை மறைக்கும் டிக்கையும் எடுங்கள். பெயரில்லாத ஒரு ஃபோல்டருக்குள் எல்லாம் இருக்கும். வேறிடத்துக்கு நகல் எடுத்துவிட்டு டிரைவை ஃபார்மேட் செய்யுங்கள். ஊரெல்லாம் சுற்றும் பென்டிரைவ் ஜெராக்ஸ் கடையிலிருந்து எதையாவது வாங்கிக்கொண்டுதான் வரும்.

வீடியோ லேப்டாப்பில் ஓடுகிறது, டிவியில் செருகினால் ஓடவில்லை என்பது வைரஸில் சேராது. டிவிக்கு அந்த வீடியோவின் வகை புரியவில்லை. லேப்டாப்பில் விஎல்சி பிளேயர் வைத்து ஓட்டிக் கேபிளில் அனுப்புங்கள்.

ஒரே பிள்ளை மவுஸை விடுவதில்லை

இனி வருவது மெக்கானிக்குக்குச் சொல்ல முடியாத கோளாறு. பத்துக் கணினி, நாற்பது பிள்ளைகள். ஒவ்வொரு கணினியிலும் கெட்டிக்காரப் பையன் ஒருவன் மவுஸைப் பிடித்திருப்பான், மற்ற மூவரும் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். சத்தம் போட்டு மாற்றச் சொன்னால் ஒரு நிமிடம் மாறும், நீங்கள் அடுத்த மேசைக்குப் போனதும் திரும்பிவிடும்.

நான் வைத்த சட்டம்: மவுஸ் வைத்திருப்பவர் தானாக எதையும் செய்யக் கூடாது, சொல்வதைத்தான் செய்ய வேண்டும். சொல்பவர் மவுஸைத் தொடக் கூடாது. மூன்றாமவர் நோட்டில் எழுதுவார். நான்காமவர் 'ஏன்' என்று கேட்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணி, எல்லாரும் ஒரு நாற்காலி தள்ளி உட்கார வேண்டும். முதல் இரண்டு வகுப்பு ஒரே கூச்சலாக இருந்தது. மூன்றாவது வகுப்பில், வாயே திறக்காத ஒரு பையன் "இல்லடா, அந்த வயரை எடு, அதுக்கு அந்தப் பக்கம்" என்று கெட்டிக்காரப் பையனுக்கு உத்தரவு போட்டுக்கொண்டிருந்தான்.

எல்லாரும் அமைதியாகப் பார்த்தார்கள், கேட்டால் ஒருவருக்கும் தெரியவில்லை

இந்த அறிகுறி இருக்கிறதே, இதைப் பலர் கோளாறு என்றே எண்ணுவதில்லை. வகுப்பு அமைதியாக இருந்தது, படம் பளிச்சென்று வந்தது, ஹெச்எம் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மறுநாள் கேட்டால், வீடியோவில் வந்த நாய்க்குட்டி மட்டும் நினைவிருக்கும். பெரு நாட்டில் கிராமப் பள்ளிகளுக்கு ஆயிரக்கணக்கில் லேப்டாப் கொடுத்தார்கள். கணக்கிலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குத் தடயமில்லை என்றது 2012-இல் வந்த மதிப்பீடு. எனக்கு அதில் வியப்பே இல்லை.

வீடியோவை முழுதாக ஓடவிடாதீர்கள். இரண்டு நிமிடத்தில் நிறுத்தி, "அடுத்து என்ன ஆகும்?" என்று கேட்டு, நோட்டில் எழுதச் சொல்லிவிட்டு ஓட்டுங்கள். தன் விடை சரியா என்று தெரிந்துகொள்வதற்காகவாவது பார்ப்பார்கள். எரிக் மாசூர் என்ற இயற்பியல் பேராசிரியர் ஹார்வர்டில் 1990-களிலேயே இதை வேறு விதமாகச் செய்தார். கேள்வி போடுவார், மாணவர்கள் விடை சொல்வார்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதாடியபின் மறுபடி விடை சொல்வார்கள். அவர்களிடம் அதற்குத் தனிக் கருவி இருந்தது. நமக்குப் பிளிக்கர்ஸ் அட்டை போதும். அட்டையை எந்தப் பக்கம் மேலே தெரியத் தூக்குகிறார்களோ அதுதான் விடை, ஆசிரியர் தன் ஒரே போனால் வகுப்பையே வருடினால் கணக்கு வந்துவிடும். அட்டையைப் பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள், டியூப்லைட் எதிரொளித்து போன் படிக்காது.

ஏழாம் வகுப்பு மின்சுற்றை ஃபெட் சிமுலேஷனில் நடத்தினேன். அதில் மின்கலத்தின் இரண்டு முனையையும் பல்பு இல்லாமல் வயரால் நேரே இணைத்தால் மின்கலம் தீப்பிடிக்கும். ஒரு மேசையில் பிடித்ததும் பத்து மேசையிலும் பிடித்துவிட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கடைசிப் பத்து நிமிடம் அட்டை தூக்கச் சொன்னால் எல்லாரும் சரியான பக்கத்தைத் தூக்கினார்கள். பாடம் முடிந்தது என்றே நினைத்தேன்.

மறுநாள் சந்தேகத்துக்கு ஒன்றரை வோல்ட் செல்லும் டார்ச் பல்பும் இரண்டு துண்டு வயரும் மேசைக்கு ஒன்றாகக் கொடுத்தேன். ஒருவருக்கும் எரியவில்லை. சிமுலேஷன் பல்பில் வயர் மாட்ட இரண்டு இடம் புள்ளி போட்டுக் காட்டியிருந்தது, கையிலிருக்கும் பல்பில் அப்படிப் புள்ளி ஏது? நேற்று எல்லா அட்டையும் சரியாகத் தூக்கிய பெண் இரண்டு வயரையும் பல்பின் அடிமுனையிலேயே அழுத்திப் பிடித்திருந்தாள்.

"சார், எரியலை. வயர்தான் சுடுது."

"நேத்து எங்க சுட்டுச்சு?"

அவள் சட்டென்று கையை எடுத்தாள். பல்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஒரு வயரை மட்டும் அடியில் வைத்துவிட்டு, இன்னொன்றைப் பல்பின் பக்கவாட்டு உலோகத்தில் தொட்டாள்.